பின் சீட்டுக்கு அடியில் இருந்த மண்

சங்கரன்கோவிலில் மொத்தம் எத்தனை கார் ஓடுகிறது என்று தெருத்தெருவாகப் போய் எண்ணியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது எழுபதுகளின் கடைசி. டாக்டரம்மா வீட்டில் ஒன்று, வக்கீல் வீட்டில் ஒன்று, வத்தல் கமிஷன் கடைக்காரரிடம் ஒன்று. அதற்கு மேல் விசைத்தறிக்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள், ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் வாடகை வண்டிகள். ஒரு பழைய டைரியில் வீடு எது, வண்டி என்ன நிறம், ஓட்டுவது யார் என்று எழுதி வைத்தேன். புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று சைக்கிள் மிதிக்க முடிந்த தூரத்தையெல்லாம் சேர்த்தும் நாற்பதைத் தாண்டவில்லை.

நான் பி.ஏ. படித்தவன். ஊரில் நூல் கடை ஒன்றில் குமாஸ்தா. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் பம்பாயில் இருந்தேன். படித்த படிப்புக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. பணக்காரர்களின் கார்களைக் கழுவி மெருகேற்றும் ஒரு ஷெட்டில்தான் இடம் கிடைத்தது. அப்பா இறந்த பிறகு ஊருக்குத் திரும்பினேன். நூல் கடைச் சம்பளத்தில் வீடு நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு தொழில் அதுதான் என்பதால், காலையில் கடை திறக்கும் முன்பும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகும், வீடு வீடாகப் போய் காரைத் துடைத்துப் பாலிஷ் போட்டுத் தருவது என்று முடிவு செய்தேன். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி. அதில் மெழுகுப் பாலிஷ் டப்பா, தார்க் கறை எடுக்க மண்ணெண்ணெய், பழைய பிளானல் துணிகள், பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு. ஹாண்டிலில் ஒரு வாளி.

வேலை எனக்கு நன்றாகத் தெரியும். இதை இப்போதும் அடக்கமில்லாமல் சொல்வேன். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கழுவி வெயிலில் காயவிட்டால் பெயிண்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நாளானால் அந்தப் புள்ளி போகவே போகாது. நான் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, நிழலில் வண்டியை நிறுத்தி, ஒரு கதவு முடிந்த பிறகுதான் அடுத்த கதவுக்குப் போவேன். மெழுகைத் தேய்த்து எடுத்தால் கறுப்பு அம்பாசடரில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

ஆனால் வேலை தெரிந்தால் மட்டும் வாடிக்கையாளர் வருவாரா? டாக்டரம்மா தானே வண்டி ஓட்டுகிறவர். அவர் உடனே சரி என்றார். வக்கீல் யோசித்துவிட்டு மாதம் ஒரு முறை என்றார். அத்தோடு நின்றது. மீதிப் பேர் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "அதுக்குத்தான் டிரைவர் இருக்காம்லா."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை வாசலில் நின்று கேட்டேன் என்று சொல்ல முடியாது. வாசல் என்றால் வாசல்தான்; உள்ளே கூப்பிட்டவர்கள் இல்லை. காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் ஒருவன், பிறகு மாமனார் புண்ணியத்தில் விசைத்தறிக்காரன் ஆனவன், நான் வாளியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினான், ஆள் வீட்டில் இல்லை என்று. அவன் குரலை நான் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. நியாயமாக அந்த ஆத்திரம் அவன் மேல் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவன் வீட்டுக் கார் ஷெட்டில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்த டிரைவர் மேல் போனது. அவன் இருக்கிற வரைக்கும் நமக்கு இடமில்லை என்று நினைத்தேன். என்னை மறுத்தவனை விட்டுவிட்டு, என்னைப் போலவே வாளி தூக்கியவனைப் பகைத்தேன். என் வாழ்க்கையின் அயோக்கியத்தனங்களில் பாதி இப்படி ஆளை மாற்றிக் கோபப்பட்டதால் வந்தவை.

பம்பாய் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மேஸ்திரி வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு, யாரும் துடைக்காத இடத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கதவு மூடும் விளிம்பு, ஸ்டியரிங்குக்குப் பின்புறம், சீட்டும் முதுகும் சேரும் இடுக்கு. துணியில் அழுக்கு வந்தால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். எங்களைத் திருத்துவதற்கான வழக்கம் அது. நான் அதை எடுத்து ஊரில் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன்.

முதலில் செய்தது எங்கள் சபையின் அசனத்தன்று. அசனம் என்றால் சபையார் எல்லாரும் சர்ச் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. வெளியூரில் இருக்கிற சொந்தபந்தமும் காரில் வந்து இறங்கும். வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் தங்கள் பந்திக்காகக் காத்திருந்தார்கள். நான் சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைக் கைக்குட்டையோடு போனேன். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்பவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி, ஒரு நிமிஷம் என்று சொல்லி, கதவைத் திறந்து, விளிம்பில் கைக்குட்டையை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். கரி அள்ளினதுபோல வந்தது. அவரைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. டிரைவரைக் கூப்பிட்டுக் கைக்குட்டையைக் காட்டினார். டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விளிம்பைத் துடைக்கத் தொடங்கினார். வியாபாரி அடுத்த வாரமே என்னை வரச் சொன்னார்.

அதன் பிறகு கல்யாண வீடுகள், கிரகப்பிரவேசங்கள், ஒரு சாவு வீட்டில்கூட இதைச் செய்தேன். நாலு பேர் பார்க்கிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாக இருக்கும்போது அழுக்கைக் காட்டினால் முதலாளி சிரித்துவிட்டுப் போய்விடுவார். நாலு பேர் முன்னால் காட்டினால் வாடிக்கையாளர் ஆகிவிடுவார். டிரைவர்கள் எனக்குக் 'கைக்குட்டை' என்று பேர் வைத்தார்கள். நான் சைக்கிளில் போனால் வாடகைக் கார் ஸ்டாண்டில் மூக்கைச் சிந்துகிற சத்தம் வரும். ஒருவர் மட்டும் நேரில் கேட்டார்: "படிச்ச பிள்ளைதான நீரு. எங்க சோத்துல எதுக்குவே கைய வைக்கீரு?" அவருக்கு நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்த ஆங்கிலத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் சபையில் பெரிய மனிதர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டியில் இருந்தவர். இரண்டு அம்பாசடர், ஒரு வேன். அவர் ஒருவர் கிடைத்தால் மற்ற தீப்பெட்டிக்காரர்கள் தாமாக வருவார்கள். அவருடைய டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஊர்ப் பெரிய கோயிலுக்குத் தெற்கே குடியிருந்தவர். நெற்றியில் எப்போதும் திருநீறு. அவரைச் சபைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிகிற வரை வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வெளியே வந்துகொண்டிருக்கும்போது, அவர் வண்டியில் என் வித்தையைக் காட்டினேன். கதவு விளிம்பில் இழுத்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இழுத்தேன். வெள்ளை. டிக்கி மூடியின் உள்பக்கம், வெள்ளை. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார்: "இன்னும் நல்லா அமுக்கித் தேயும்வே. துணியில அழுக்கு ஏறலன்னா எங்க வண்டி என்ன செய்யும்?"

சிரித்தார்கள். எங்கள் பாதிரியார் ஐயர் சிரித்தார். என்னோடு பாட்டுக் குழுவில் பாடுகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைவிட அவர் நல்ல வேலைக்காரர். பம்பாயில் இருந்திருந்தால் அவர்தான் மேஸ்திரி. அதை ஒப்புக்கொண்டு, அந்த மனிதரிடமே போய் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டிருக்கலாம். எனக்கு அவரை எப்படியாவது தலைகுனிய வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்த முதலாளியை நான் விடவில்லை. ஒரே ஒரு தடவை இலவசமாகச் செய்து காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று வாரா வாரம் கேட்டேன். தொல்லை பொறுக்காமல் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை நேரத்தில் செய்துவை, பிறகு பார்க்கலாம் என்றார். பெரிய கோயிலில் தபசுத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தேரடியில் இன்னும் வெளியூர்க் கூட்டம் வடியவில்லை. டிரைவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனார். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் பின் சீட்டை அப்படியே தூக்கி வெளியே எடுத்தேன். அம்பாசடரில் அது கழன்று வரும்.

சீட்டுக்கு அடியிலும் சுத்தமாகத்தான் இருந்தது. இடது மூலையில் மட்டும் நாலாக மடித்த ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து கொஞ்சம் மண் சிந்திக் கிடந்தது.

அது என்ன மண் என்று எனக்குத் தெரியும். இதை நான் தெளிவாக எழுத வேண்டும், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குப் புற்றுமண்ணைத் தெரியாமல் இருக்காது. பெரிய கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற மண். சொறி, சிரங்கு, ஆறாத புண் என்றால் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று அது பார்ப்பதில்லை. எனக்கே ஏழு வயதில் காலில் கட்டி வந்தபோது, வாத்தியாரான அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, என் அம்மா யாரிடமோ வாங்கிப் பூசிவிட்டிருக்கிறாள். அப்பா வருவதற்குள் கழுவியும் விட்டிருக்கிறாள். நான் அந்தப் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு சீட்டை மாட்டியிருக்கலாம். டிரைவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த மண்ணில் நன்றாக அழுத்தி இழுத்தேன். பிறகு ஆராதனை முடிவதற்காகக் காத்திருந்தேன்.

முதலாளி மனைவியோடும் மகளோடும் வந்தார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். நான் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். அவர் ரோட்டு மண்தானே என்றார். அவரே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் பாருங்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னேன்: "ரோட்டு மண்ணு இல்ல அண்ணாச்சி. கோயில் புத்து மண்ணு மாதிரி இருக்கு. பொட்டலமா மடிச்சு வச்சிருக்கு."

அவர் வெளுத்துப்போனார். அவருடைய வீட்டில் பொங்கல் அன்று வாசலில் கோலம் போட்டதற்காக ஒரு வேலைக்காரியை வேலையைவிட்டு அனுப்பியவர் அவர். இப்போது சேகரக் கமிட்டியின் முன்னால், அவர் சொந்தக் காருக்குள். டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார், இதை யார் வைத்தது என்று.

டிரைவர் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தடவை, முதலாளிக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மகளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டிருந்தாள்.

"நான்தான் மொதலாளி வச்சேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வச்சேன்," என்றார்.

"பதினாலு வருசமா எங்க உப்பத் தின்னுட்டு, எங்க சீட்டுக்கு அடியிலயே கொண்டாந்து வச்சிருக்கீராக்கும். சாவிய அந்த ஆள்ட்டயே குடுத்துட்டுப் போம்."

சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்தாரா என்று தெரியாது. நான் சீட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வண்டியும் எனக்கு வந்தன. அது மட்டுமில்லை. அந்த மாதத்திலேயே இன்னும் ஆறு வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். வாசலில் நிறுத்திப் பேசியவர்கள் நாற்காலி போட்டார்கள். அந்தக் காலேஜ் நண்பனே தேடிக்கொண்டு கடைக்கு வந்தான். எனக்கு முதலில் புரியவில்லை, என் பாலிஷுக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்தேன். பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்தது. வண்டிக்குள் பீடி நாற்றம் இருக்கிறதா? பின் சீட்டில் நாம் இல்லாதபோது யாராவது உட்கார்ந்த தடம் இருக்கிறதா? டிக்கியில் என்ன கிடந்தது? காரைத் துடைக்கத்தான் டிரைவர் இருந்தானே! டிரைவரைத் துப்பறிய ஒரு ஆள் அவர்களுக்கு இல்லாமலிருந்தது. பி.ஏ. படித்த, சபையில் பாட்டுப் பாடுகிற, பொய் சொல்லாத ஆள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இரண்டு வருஷத்தில் இன்னும் மூன்று பேருக்கு வேலை போயிற்று. அவர்களைப் பற்றித் தனியாக எழுதத் தைரியமில்லை.

தீப்பெட்டி முதலாளி வீட்டுக்கு நான் போன மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவர் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த அம்மா கார் ஷெட்டுக்கு வந்தார். கையில் எனக்குக் காப்பி. வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மண்ண நான்தான் கொண்டாரச் சொன்னேன்."

மகளுக்குக் கை இரண்டிலும் ஒரு வருஷமாக ஆறாத புண். வேலூர் ஆஸ்பத்திரி வரை போய்விட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். வீட்டில் மாமியார் இருந்ததால் உள்ளே கொண்டுவர முடியாது. டிரைவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வாங்கி சீட்டுக்கு அடியில் வைப்பார். சனிக்கிழமை கடைக்குப் போகிறபோது காரிலேயே வைத்து மகளுக்குப் பூசிவிடுவார் இந்த அம்மா; மிச்சம் அங்கேயே இருக்கும். இதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தான் ஒப்புக்கொண்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "நீங்க சொன்னாக் கேப்பாக. அன்னைக்குப் பாத்தது தப்பு, அது வெறும் கொளத்து மண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த மனுசனத் திரும்பக் கூப்புட்டுருவாக."

ஒரு வார்த்தைதான். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொய் சொல்லச் சொல்லுதீங்களே அக்கா. நாம சபைக்காரங்க இல்லையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குடித்திருக்கவில்லை.

அப்போது எனக்குள் ஓடியது வேதம் இல்லை. கண்டுபிடித்ததே தப்பு என்று சொல்லிவிட்டால், அந்தக் கைக்குட்டையை நம்பி வந்த ஆறு வீடும் போய்விடும். அதுதான் ஓடியது. அதற்குப் பத்துக் கட்டளையில் ஒன்றைப் போர்த்திக்கொண்டேன். திருடுகிறவனைக்கூட மன்னிக்கலாம், அவன் திருடும்போது ஜெபம் பண்ணுவதில்லை.

அந்த டிரைவருக்கு ஊரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. முதலாளிக்குத் தெரியாமல் காருக்குள் எதையோ வைத்தவன் என்று செய்தி பரவிவிட்டது. மந்திரம் என்றும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள். அவரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. வேறு ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அடுத்த வருஷம் கோடையில் ஒரு காலை. புளியங்குடியில் அந்த எலுமிச்சை வியாபாரியின் வண்டியை மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திச் செய்துகொண்டிருந்தேன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிறவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். தலையில் சும்மாடு, திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் மூட்டை தூக்கத் தொடங்குகிறவனின் உடம்பு எப்படி ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன். என் பக்கம் வந்தார். நான் பிளானல் துணியைக் கீழே வைத்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"மொதலாளி வீட்டுக்குப் போயிட்டுத்தான இருக்கீரு. அந்தப் பிள்ளைக்குக் கை ஆறிட்டாவே?"

எனக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒரு வருஷமாக ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பெண் குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறாள். அவள் சட்டையின் கை நீளமா குட்டையா என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. கதவு விளிம்பையும் சீட்டு இடுக்கையும் தவிர எனக்கு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. தெரியாது என்று சொன்னால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முன்னால் நிற்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"நல்லா ஆறிட்டு அண்ணாச்சி," என்றேன்.

அவர் வேலை திரும்பக் கிடைப்பதற்காக நான் சொல்ல மறுத்த பொய்யைவிட இது ஒன்றும் சிறியதில்லை. யோசிக்காமல் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

அவர் முகம் தெளிந்தது. "ஆறிட்டுல்லா. அது போதும்," என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு லாரிப் பக்கம் போனார். நான் துணியை எடுத்து பானெட்டை முடித்தேன். கறுப்பு வண்டி. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும் என்பது என் வழக்கம். அன்று அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

குற்ற உணர்ச்சியால் அந்தத் தொழிலை விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. இன்னும் இரண்டு வருஷம் செய்தேன், வீடுகள் கூடின. பிறகு அரசாங்க வேலை கிடைத்து வெளியூர் போனேன், அதனால் விட்டேன். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட அந்த முதலாளி வீட்டில் மூன்று வண்டியும் துடைத்தேன். அவர் தின்பண்டம் கொடுத்து, உம்மைப் போல ஒரு நேர்மையான ஆள் இனி எங்களுக்குக் கிடைக்கமாட்டான் என்றார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரிடம் மகளுக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை.